பிறப்பைக் கேட்பதில்லை மருந்து!

மருத்துவமனை வாயிலிலே, சீட்டைக் கையிலே பிடித்தபடி வரிசையில் நிற்கிறார் ஆலைத் தொழிலாளி ஒருவர். விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. காலையிலே சட்டைப் பொத்தானைப் போடவும் கை மடங்கவில்லை. சன்னலுக்கு அப்பாலிருந்து மாத்திரை வருகிறது. வாங்கிக்கொண்டு வீடு செல்கிறார். அந்த மாத்திரை எந்த மண்ணிலே முளைத்தது, எவர் கை அதனை ஆக்கியது என்று அவர் கேட்பதில்லை. கேட்க நேரம் ஏது? மாத்திரையும் அவரை ஒன்றும் கேட்பதில்லை. என்ன குலம், என்ன நிறம், பாட்டன் ஆண்டானா அடிமையா என்றெல்லாம் விசாரிக்காமல், தொண்டைக்குள் இறங்கித் தன் வேலையைச் செய்கிறது.

மருந்துக்கு இருக்கும் இந்த நேர்மை மனிதர்களுக்கும் இருந்திருக்குமானால், பெர்சி லாவன் ஜூலியன் என்னும் பேரறிஞரின் வாழ்க்கை வேறு விதமாக அமைந்திருக்கும். அமெரிக்க நாட்டிலே, கறுப்பு இனத்திலே, அடிமையாயிருந்தவரின் பேரனாகப் பிறந்து, மருந்து இரசாயனத்தின் உச்சியைத் தொட்டவர் அவர். அவருடைய கதையை, ஆலைவாசல் கூட்டத்திலே பேசுவதுபோல், தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1899ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரிலே பிறந்தார் ஜூலியன். பின்னாளில், 1955இல், பேருந்திலே எழுந்து இடம் தர மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரால் உலகமே அறிந்துகொண்ட அதே மாண்ட்கோமரிதான். தந்தை இரயில்வே அஞ்சல் துறையிலே எழுத்தர். தாய் பள்ளி ஆசிரியை. ஆறு பிள்ளைகள், மூத்தவர் இவர். வீட்டிலே செல்வம் இல்லை, புத்தகம் இருந்தது. ஊரிலே பள்ளி இருந்தது. ஆனால் கறுப்பர் வீட்டுப் பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளி இல்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால், ஆசிரியர் பயிற்சிக்கென்று இருந்த ஒரு கறுப்பர் பள்ளியிலே, கிடைத்ததைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். பௌதிகமும் இரசாயனமும் அங்கே பெயரளவுக்குத்தான்.

பாட்டனாரைப் பற்றி ஜூலியன் பின்னாளிலே சொல்லிவந்த செய்தி ஒன்று உண்டு. அடிமையாயிருந்த காலத்திலே அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாராம். அந்தக் குற்றத்துக்காக அவர் கையிலே இரண்டு விரல்களை வெட்டினார்களாம். 1916ஆம் ஆண்டு, பேரன் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளிலே, இரயில் நிலையத்தில் நின்று வழியனுப்பிக் கையசைத்தார் கிழவர். அசைந்த கையிலே இரண்டு விரல்கள் இல்லை. தோழர்களே, கல்வி கற்றதற்காக விரலை இழந்த கை, கல்வி கற்கப் போகும் பேரனை வாழ்த்துகிறது! இதற்கு மேல் அந்த இளைஞனுக்கு வேறு அறிவுரை தேவைப்பட்டிருக்குமா?

இரயில் சென்ற இடம் வடக்கே இந்தியானா மாநிலத்துக் கிரீன்காசில் என்னும் சிற்றூர். அங்கே டிபா பல்கலைக் கழகம். வடபுலத்திலே அடிமைத்தனம் இல்லை, சமத்துவம் உண்டு என்று ஏட்டிலே இருந்தது, நடைமுறையிலே வேறு. மாணவர் விடுதியிலே கறுப்பருக்கு இடமில்லை. அறை எடுத்துத் தங்கிய வீட்டிலே சோறு போட மறுத்தார்கள். முதல் நாளெல்லாம் பசியோடு அலைந்து திரிந்தபின்னரே, உணவு தரும் இடம் ஒன்று கிடைத்தது. பிறகு, வெள்ளை மாணவர்களின் சங்க வீடு ஒன்றிலே வேலைக்கு அமர்ந்தார். அடுப்புக்கு நெருப்புப் போடுவது, மேசையிலே பரிமாறுவது. கூலியாக, பரணிலே படுக்க இடம். போதாக்குறைக்கு, அலபாமாவிலே கிட்டாத உயர்நிலைப் பள்ளிப் பாடங்களையும் கல்லூரிப் பாடங்களோடு சேர்த்துப் படித்து முடிக்கவேண்டியிருந்தது. கீழே மேசையில் உணவருந்திய மாணவர்களும் மேலே பரணில் படுத்திருந்த ஜூலியனும் எழுதியது ஒரே தேர்வு. 1920இல் முடிவு வந்தது. வகுப்பிலே முதல் மாணவர், பரிமாறியவர்!

இந்த வெற்றியைக் கண்ட தந்தை, குடும்பத்தையே கிரீன்காசிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார். தம்பியர் இருவர் மருத்துவராயினர். தங்கையர் மூவரும் மேற்பட்டம் பெற்றனர். ஒருவர் திறந்த கதவு வழியே ஐவர் நுழைந்தனர்.

முதல் மாணவரை மேற்படிப்புக்கு அழைக்கப் பல்கலைக் கழகங்கள் போட்டியிட்டிருக்க வேண்டுமல்லவா? அதுதான் நடக்கவில்லை. இவர் படித்துவிட்டு எங்கே வேலை பார்ப்பார், எந்த வெள்ளை மாணவன் இவரிடம் பாடம் கேட்பான், ஆகவே படிப்பை நிறுத்திக்கொண்டு கறுப்பர் கல்லூரியிலே ஆசிரியராகச் செல்லட்டும் என்று அன்பு ததும்ப அறிவுரை கூறினர். தாழ்த்துவோர் எப்போதும் வெறுப்போடுதான் தாழ்த்துவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நலம் நாடுவதுபோன்ற முகத்தோடும் அந்தக் காரியம் நடக்கும். ஃபிஸ்க் பல்கலைக் கழகத்திலே இரண்டாண்டுகள் ஆசிரியராயிருந்தார். 1922இல் உதவித்தொகை பெற்று ஹார்வர்டு சென்றார். 1923இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே டாக்டர் பட்டத்துக்குத் தொடர வேண்டுமானால் துணை ஆசிரியர் பணி வேண்டும். வெள்ளை மாணவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அந்தப் பணி மறுக்கப்பட்டது. பின்னர் கறுப்பர் கல்லூரிகளிலே ஆசிரியராக, கருவிகள் இல்லாத ஆய்வுக் கூடங்களிலே ஆண்டுகள் கழிந்தன.

1929இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு கடல் கடந்து வியன்னா சென்றார். அங்கே எர்ன்ஸ்ட் ஸ்பேத் என்ற பேராசிரியர், செடிகொடிகளில் மறைந்திருக்கும் மருந்துப் பொருள்களைப் பிரித்தெடுத்து ஆராய்வதிலே கைதேர்ந்தவர். அவரிடம் பயின்று 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார் ஜூலியன். வியன்னாவிலே அவர் இசை கேட்டார், நண்பர்களோடு ஒரே மேசையிலே உண்டார், ஆராய்ச்சி செய்தார். மனிதன் மனிதனாக மட்டும் நடத்தப்பட்டால் எவ்வளவு வேலை நடக்கும் என்பதை முப்பது வயதுக்கு மேல்தான் அவர் உணர முடிந்தது.

இனி அவரை உலகறியச் செய்த விதைக்கு வருவோம்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலே, இன்று நைஜீரியா எனப்படும் நாட்டிலே, கலபார் என்றோர் ஊர். அந்த வட்டாரத்திலே ஆற்றங்கரைகளில் படர்ந்தேறும் கொடி ஒன்றின் விதை, நம்மூர் மொச்சையைவிடப் பெரியது, பழுப்பு நிறம், கொடிய நஞ்சு. குற்றம் சாட்டப்பட்டவனை, சூனியக்காரி என்று பழிக்கப்பட்டவளை, அந்த விதையை இடித்துக் கரைத்துக் குடிக்கச் செய்வார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் குற்றமற்றவர், மாண்டால் குற்றவாளி! விதைக்குள்ளே தெய்வம் இருக்கிறது, அதற்கு உண்மை தெரியும் என்பது நம்பிக்கை. கறுப்பர் நாட்டு மூடத்தனம் என்று எவரும் நகைக்க வேண்டாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தச் சொல்லி ஐரோப்பாவிலே நீதி கேட்டார்கள். கொதிக்கும் எண்ணெயிலே கைவிடச் சொல்லி நம் நாட்டிலும் கேட்டார்கள்.

அந்த விதை ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரிமார் வழியாக எடின்பரோ நகர் சேர்ந்தது. அங்கே ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர், 1855இல், விதையின் ஒரு துண்டைத் தாமே தின்று பார்த்து, மயிரிழையில் பிழைத்தார். பின்னர் தாமஸ் ஃபிரேசர் என்பவர், விதையின் சாறு கண்ணின் பாவையைச் சுருக்குகிறது என்று கண்டார். 1864இல் ஜெர்மானியர் இருவர் விதையிலிருந்து தூய பொருளைப் பிரித்தெடுத்தனர். அதற்கு ஃபைசோஸ்டிக்மின் என்று பெயர். 1870களில் லுட்விக் லாக்வர் என்ற கண் மருத்துவர், கண்ணுக்குள் நீர் அழுத்தம் மிகுந்து பார்வையைப் பறிக்கும் கிளாக்கோமா நோய்க்கு அதனைப் பயன்படுத்தினார். அவரே அந்நோயால் துன்புற்றவர். தெய்வம் இருக்கிறது என்று நம்பப்பட்ட விதைக்குள்ளே, ஆராய்ச்சிக்காரர்கள் மருந்தைக் கண்டார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? ஆலைத் தோழருக்கு விளங்கும்படி கூறுவோம். ஆலையிலே சங்கு ஊதுகிறது, ஆட்கள் அசைகிறார்கள். ஊதிய சங்கை உடனே நிறுத்துவதற்கு ஓர் ஆள் இருக்கிறான். நம் உடலிலே நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது, அதுதான் சங்கொலி. தசை அசைகிறது, பாவை சுருங்குகிறது, உமிழ்நீர் சுரக்கிறது. மறுகணமே ஒரு நொதி வந்து அப்பொருளை உடைத்து, ஒலியை அடக்குகிறது. ஃபைசோஸ்டிக்மின், நிறுத்த வரும் அந்த நொதியின் கையைக் கட்டிப் போடுகிறது. சங்கு சற்று நீண்டு ஒலிக்கிறது. சொட்டு மருந்தாகக் கண்ணிலே விட்டால் பாவை சுருங்கி, தேங்கிய நீர் வடிய வழி பிறக்கிறது, அழுத்தம் குறைகிறது. தசைகள் சோர்ந்து இமையும் தூக்க முடியாமல் வாடும் ஒரு நோய்க்கு, 1934இல் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர் இலண்டன் மாநகரத்துக் கிரீன்விச்சிலே இதனைக் கொடுத்து நோயாளியை நிமிரச் செய்தார். ஆனால் அளவு மிஞ்சினாலோ, சங்கு ஓயாமல் அலறுகிறது, மூச்சுவிடும் தசைகள் முடங்குகின்றன, ஆள் மாள்கிறார். கலபாரிலே செத்தவர்கள் குற்றத்தால் சாகவில்லை, அளவால் செத்தார்கள்.

இத்தகைய மருந்தை விதையை நம்பியே பெற்றுக்கொண்டிருக்க வேண்டுமா, ஆய்வுக் கூடத்திலே ஆக்க முடியாதா என்பது அந்நாளைய பெரும் கேள்வி. அதன் அணுக்கள் எந்த ஒழுங்கிலே கோக்கப்பட்டிருக்கின்றன என்று 1925இல் தெரிந்துவிட்டது. வரைபடம் இருக்கிறது, வீடு கட்ட எவராலும் முடியவில்லை! ஆக்ஸ்ஃபோர்டிலே ராபர்ட் ராபின்சன் என்ற மாபெரும் இரசாயன நிபுணர், பின்னாளில், 1947இல், நோபல் பரிசு பெற்றவர், தம் மாணவர் படையோடு அதே முயற்சியிலே ஈடுபட்டிருந்தார். கட்டுரை மேல் கட்டுரையாக வந்துகொண்டிருந்தது.

எதிரே நின்றது யார்? ஹோவர்டு பல்கலைக் கழகத்திலே எழுந்த பூசலொன்றில் வேலையை இழந்து, தம் பழைய கல்லூரியான டிபாவுக்குத் திரும்பியிருந்த ஜூலியன். அவரை அழைத்தவர் வில்லியம் பிளாஞ்சர்டு என்ற பழைய ஆசிரியர். கொடுத்தது பேராசிரியர் பதவியன்று, ஆராய்ச்சியாளர் என்ற பெயர் மட்டுமே. துணைக்கு வியன்னாவிலிருந்து வந்த நண்பர் யோசப் பிக்கலும், சில கல்லூரி மாணவர்களும். பணம் கொஞ்சம், கருவிகள் கொஞ்சம்.

அந்நிலையிலே ராபின்சனின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. மருந்துக்கு ஒரு படி முன்னே நிற்கும் பொருளை ஆக்கிவிட்டதாக அது அறிவித்தது. படித்தார் ஜூலியன். அவர்கள் கூறிய பொருளும் தம் குடுவையிலே இருந்த பொருளும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்று தவறு. ஆக்ஸ்ஃபோர்டு தவறு என்று அச்சிலே சொல்வதா? சொன்னபின் தம்முடையதே தவறென்று தெரிந்தால், பிழைப்பு அன்றோடு முடிந்தது. கறுப்பருக்கு இரண்டாம் வாய்ப்புத் தர எவரும் காத்திருக்கவில்லை. இருந்தும், ராபின்சனின் முடிவு தவறு என்று அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் ஏட்டிலேயே எழுதினார்.

தீர்ப்பைத் தந்தது உருகுநிலை. தூய பொருள் ஒவ்வொன்றும் தனக்கென உரிய வெப்பத்திலே உருகும். விதையிலிருந்து எடுத்ததையும் குடுவையிலே ஆக்கியதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே வெப்பத்தில் உருகின. 1935இல், ஃபைசோஸ்டிக்மினை முழுவதும் ஆக்கிய முதல் மனிதர் என்ற பெருமை பெர்சி ஜூலியனுக்கு உரியதாயிற்று. உருகுநிலை காட்டும் பாதரசம், குடுவையைப் பிடித்திருந்த கையின் நிறத்தைப் பார்க்கவில்லை.

இந்த இடத்திலே தோழர்கள் சற்று நிற்க வேண்டுகிறோம். மருந்து இரசாயனத்தின் அடிப்படைப் பாடமே இங்குதான் இருக்கிறது. ஒரு மருந்து ஆப்பிரிக்கக் கொடியிலே விளைந்ததா, அமெரிக்கக் குடுவையிலே பிறந்ததா என்பது நரம்புக்குத் தெரியாது. அணுக்கள் கோத்திருக்கும் அமைப்பு ஒன்றானால் செயலும் ஒன்றே. செயலைத் தீர்மானிப்பது அமைப்பு, பிறந்த இடமன்று. பிறப்பினால் ஒரு பொருளுக்கு உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. ஜடப்பொருள் ஒப்புக்கொண்ட இந்த உண்மையை, அதனை நிரூபித்த மனிதரின் நாடு அவர் விஷயத்திலே ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் கொடுமை.

ஆம், உலகம் பாராட்டிய பிறகும் டிபாவிலே பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கு எழுதினார். அழைத்தவர்கள் ஆளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டன் நகரிலே காகித ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவரை எடுத்துக்கொள்ள விரும்பியது. ஆனால் கறுப்பர் இரவிலே தங்கக் கூடாத ஊர் அது! பகலெல்லாம் மூளையைத் தரலாம், இரவிலே தலையைச் சாய்க்கக் கூடாது. அந்த நிலையத்தோடு தொடர்புடைய ஒருவர், வண்ணப்பூச்சு செய்யும் கிளிடன் கம்பெனியின் துணைத் தலைவர், செய்தியறிந்து, நழுவவிடக் கூடாத ஆள் இவர் என்று தம் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். 1936இல் சிகாகோவிலே, சோயா மொச்சைப் பிரிவின் ஆராய்ச்சித் தலைவரானார் ஜூலியன்.

சோயா மொச்சையிலே இவருக்கு என்ன வேலை? கலபார் விதையை ஆராய்ந்தபோதே அதன் எண்ணெயிலே ஸ்டிக்மாஸ்டிரால் என்ற வெண்படிகத்தை அவர் கண்டிருந்தார். சோயா எண்ணெயிலும் அது உண்டு. நம் உடலிலே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கும் அதற்கும் எலும்புக்கூடு ஒன்று. கருவைக் காக்கும் புரொஜஸ்டிரோன் அவற்றுள் ஒன்று. அதனை முதலிலே எப்படிப் பெற்றார்கள் தெரியுமா? 50,000 பன்றிகளின் சூலகங்களிலிருந்து 20 மில்லிகிராம்! ஏழைத் தாய் எட்டிப் பார்க்கக்கூடிய மருந்தா அது? ஸ்டிக்மாஸ்டிராலை ஹார்மோனாக மாற்றலாம் என்று ஜெர்மன் நிபுணர்கள் சிறு அளவிலே செய்து காட்டியிருந்தனர். மலையளவு எண்ணெயிலிருந்து அந்தப் படிகத்தைப் பிரிப்பது எப்படி என்பதே சிக்கல்.

1940 வாக்கிலே ஒரு நாள் தொழிற்சாலையிலிருந்து அவசரச் செய்தி வந்தது. 1,00,000 காலன் எண்ணெய்த் தொட்டியிலே தண்ணீர் கசிந்துவிட்டது, எண்ணெய் கெட்டது, அடியிலே வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது! மற்றவர்களுக்கு அது நட்டம். ஜூலியனுக்கோ, தேடியலைந்த பொருள் தானே வந்து தொட்டியிலே உட்கார்ந்திருந்தது. அந்த வெள்ளைப் படிவு ஸ்டிக்மாஸ்டிராலே. தண்ணீரைக் கொண்டே பிரிக்கும் வழி பிறந்தது. ஹார்மோன்கள் பவுண்டுக் கணக்கிலே ஆக்கப்பட்டன. இடையிலே, சோயாப் புரதத்திலிருந்து அவர் பிரிவு ஆக்கிய பொருள், இரண்டாம் உலகப் போரிலே கப்பல்களில் எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையாகப் பயன்பட்டது. மாலுமிகள் அதனை மொச்சைக் கஞ்சி என்று செல்லமாக அழைத்தார்கள்.

1949இல் மூட்டுவாதக்காரர்களின் செவியிலே தேன் பாய்ந்தது. கார்டிசோன் என்ற ஹார்மோனைச் செலுத்தியதும், படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள் என்று மேயோ மருத்துவமனை அறிவித்தது. ஆனால் அது மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து ஆக்கப்பட்டது. தங்கத்தினும் விலை மிகுந்தது. மூட்டுவலி எல்லார்க்கும் வருகிறது. மருந்து சிலர்க்கு மட்டும் வருவதா?

ஜூலியன் இறங்கினார். கார்டிசோனுக்கு உடன்பிறந்த பொருள் ஒன்று உண்டு. கலவை எஸ் என்று பெயர். ஹைட்ரோகார்டிசோனைவிட அதிலே ஒரே ஓர் ஆக்சிஜன் அணு குறைவு. அந்தக் கலவை எஸ்ஸைத் தாவரப் பொருளிலிருந்து எளிதாக ஆக்கும் வழியை 1949இல் அவர் வகுத்தார். குறைந்த அணுவைச் சேர்க்கும் வழியை 1952இல் வேறொரு கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். பூஞ்சை ஒன்று அந்த வேலையைத் தானே செய்து கொடுத்தது. இரண்டும் சேர்ந்தபோது விலை சரிந்தது. இன்று மருந்துக்கடையிலே தோல் அரிப்புக்குச் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஹைட்ரோகார்டிசோன் களிம்பின் பின்னே இவ்வளவு வரலாறு இருக்கிறது.

மேடையேறும் தோழர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். கார்டிசோனைக் கண்டுபிடித்தவரே ஜூலியன் என்று கைதட்டலுக்காக முழங்கிவிடாதீர்கள். கண்டவர்கள் வேறு, அவர்களுக்கு 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. மெக்சிகோ நாட்டுக் கிழங்கிலிருந்து ஹார்மோன் எடுத்த ரசல் மார்க்கரும் இந்தத் துறையின் முன்னோடி. ஜூலியன் செய்தது, அரிய மருந்தை எளியவரிடம் கொண்டுசேர்க்கும் பாதையிலே பெரும் பகுதியை வெட்டியது. உள்ளதைச் சொன்னாலே அவர் உயரம் தெரியும். ஏணி வைக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் கூறுவோம். ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குமேயன்றி நோயின் வேரைப் பிடுங்குவதில்லை. மருத்துவர் கூறாமல் வாங்கி விழுங்குவதும், நெடுநாள் உண்டபின் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அளவு மிஞ்சினால் கலபார் விதையின் கதைதான்.

1950இல் சிகாகோ நகரம் ஜூலியனை அவ்வாண்டின் சிறந்த குடிமகனாகப் போற்றியது. அதே ஆண்டு, அடுத்திருந்த ஓக் பார்க் என்னும் வெள்ளையர் குடியிருப்பிலே அவர் வீடு வாங்கினார். குடிபுகும் முன்பே, நவம்பரிலே, வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள். 1951 ஜூனிலே, அவரும் துணைவியாரும் வெளியூர் சென்றிருந்த இரவிலே, பிள்ளைகள் வீட்டிலிருக்க, வெடிகுண்டு வீசினார்கள். வீட்டுக்கு வெளியே வெடித்ததால் பிள்ளைகள் பிழைத்தனர். அந்தத் தெருவிலே எத்தனை வீடுகளில் மூட்டுவலிக்காரர்கள் இருந்திருப்பார்கள்! அவர்களுக்கான மருந்தைப் பகலெல்லாம் ஆராய்ந்த மனிதர், இரவிலே துப்பாக்கியை மடியிலே வைத்துக்கொண்டு, மகனோடு, தம் வீட்டைத் தாமே காவல் காத்தார்.

ஓடினாரா? இல்லை. அந்த வீட்டிலேயே வாழ்ந்தார். அக்கம்பக்கத்து வெள்ளையரிலும் நியாயம் உணர்ந்தோர் திரண்டு அவர் பக்கம் நின்றனர். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். துணைவியார் ஆனா, சமூகவியலிலே 1937இல் டாக்டர் பட்டம் பெற்றவர். அத்துறையிலே அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி. இருவரும் அசைந்து கொடுக்கவில்லை.

1953இல் கிளிடனைவிட்டு விலகி, ஜூலியன் ஆய்வுக் கூடங்கள் என்ற சொந்தத் தொழிலைத் தொடங்கினார். தமக்குச் சாத்தப்பட்ட கதவுகளை மறவாத அவர், படித்துவிட்டு வேலை கிட்டாத கறுப்பின இரசாயனப் பட்டதாரிகளை அழைத்து அமர்த்தினார். வெள்ளையரையும் சேர்த்துக்கொண்டார், திறமையே அளவுகோல். ஒரு பொருளின் விளைச்சலைப் பெருக்கும் வழி கண்டபோது, இலாபத்தை மடியிலே கட்டிக்கொள்ளாமல், கிலோ 4,000 டாலராயிருந்த விலையை 400 டாலராகக் குறைத்தார். 1961இல் தொழிலை இருபது இலட்சம் டாலருக்கு மேல் விற்றார். பணம் வந்தபின் இனத்தை மறந்தவர்கள் உண்டு, அவர் மறக்கவில்லை. கறுப்பர் உரிமைகளுக்காக நீதிமன்றங்களில் வழக்காடும் அமைப்புக்கு, 1967இல், நிதி திரட்டும் பணிக்குத் தலைமை ஏற்றவர்களுள் ஒருவரானார்.

நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. 1973இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 74 வயதிலே! கறுப்பின இரசாயன அறிஞர் ஒருவர் அந்த வாசலைக் கடந்தது அதுவே முதல் முறை. 1975 ஏப்ரல் 19ஆம் நாள் கண்மூடினார். பேராசிரியர் பதவி மறுத்த டிபா பல்கலைக் கழகம், 1980இல் தன் விஞ்ஞானக் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1993இல் அமெரிக்க அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. குண்டு வீசப்பட்ட ஓக் பார்க்கிலே இன்று ஒரு பள்ளிக்கு அவர் பெயர். காலம் கடந்து சூட்டும் மாலைக்கு மணமுண்டு. ஆனால் அது, உரிய காலத்திலே மறுத்த நாற்காலிக்கு ஈடாகாது.

எத்தனை ஆண்டுகள் வீணாயின என்று கணக்கிட்டுப் பாருங்கள். 1920இல் முதல் மாணவர். 1931இல்தான் டாக்டர் பட்டம். இடையிலே பதினோரு ஆண்டுகள், அறிவு குறைந்ததால் அன்று, பிறப்பைக் கேட்டதால் கரைந்தன. அந்த ஆண்டுகளிலே எத்தனை மருந்துகள் பிறந்திருக்கும், எத்தனை கண்கள் ஒளி பெற்றிருக்கும்! ஒருவனைப் பிறப்பைக் காட்டித் தடுப்போர், அவனை மட்டும் தண்டிப்பதில்லை. அவன் கையால் பிழைக்கவிருந்த நோயாளிகளையும், தம் வீட்டு நோயாளிகளையும் சேர்த்தே தண்டிக்கிறார்கள். ஜூலியன் விடாப்பிடியாக நின்று ஜெயித்தார். நிற்க முடியாமல் பரணிலேயே அணைந்துபோன ஜூலியன்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

நல்ல பாம்பு கடித்து, நச்சு நரம்பைத் தாக்கி, இமை தூக்க முடியாமல் நம் ஊர் உழவர் ஒருவர் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படுகிறார். நஞ்சுமுறி மருந்தோடு, நியோஸ்டிக்மின் என்ற ஊசியும் போடப்படுவதுண்டு. கலபார் விதையின் மருந்தை மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்ட உறவுப் பொருள் அது. எங்கோ ஆப்பிரிக்கக் கரையிலே நஞ்சாக இருந்த விதையைப் படிப்படியாக மருந்தாக்கிய நெடுங்கூட்டத்தின் உழைப்பு, நம் உழவரின் இமையைத் தூக்குகிறது. அந்தக் கூட்டத்திலே ஸ்காட்லாந்தார் உண்டு, ஜெர்மானியர் உண்டு, பெண் மருத்துவர் உண்டு, அடிமையின் பேரன் உண்டு. ஊசியின் முனையிலே எவர் நிறமும் தெரிவதில்லை.

அடுத்த முறை மருத்துவமனை வரிசையிலே மாத்திரையை வாங்கும்போது, தோழர்களே, பரணிலே படுத்துப் படித்த அந்த மாணவரை நினைவிலே கொள்ளுங்கள். வீட்டிலே, விளக்கடியிலே, கணக்கோடு போராடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைக்கு அவர் கதையைச் சொல்லுங்கள். விரலிழந்த கை ஒன்று இரயிலடியிலே அசைந்ததையும் மறவாமல் சொல்லுங்கள்.